குமரி மாவட்டத்துக்கு எந்த மின்சாரக் கார்: சின்ன பேட்டரியா, பெரிய பேட்டரியா, வாடகை பேட்டரியா?

நாகர்கோவிலில் இருந்து களியக்காவிளை வரை சுமார் 35 கி.மீ. தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை என ஊரும் கடையும் விடாமல் தொடரும் நெரிசல் சாலை. பெட்ரோல் காரின் மைலேஜை விழுங்கும் இதே சாலை மின்சாரக் காருக்கு வசதியானது. மெதுவாகப் போவதால் காற்றுத் தடை குறைவு; வேகம் குறைக்கும்போதெல்லாம் மோட்டார் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்கே திருப்பித் தரும்.

ஆகவே மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய்வரும் ஆசிரியருக்கோ வங்கி ஊழியருக்கோ பெரிய பேட்டரி வீண் செலவு. தினமும் 60 கி.மீ.க்கு எம்ஜி கோமெட்டின் 17.3 கிலோவாட் அவர் (மீட்டர் கணக்கில் 17.3 யூனிட்) தாராளம். மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளம் என்பதால் நம் ஊர்ச் சந்துகளில் சுலபமாகத் திரும்பும். ஆனால் இதில் டிசி வேக சார்ஜிங் (பொது நிலையங்களில் சீக்கிரம் சார்ஜ் ஏற்றும் வசதி) கிடையாது. நான்கு பேர்தான் உட்காரலாம். வீட்டில் இன்னொரு கார் இருந்தால் கோமெட் போதும். ஒரே கார்தான் என்றால் டாடா டியாகோவின் 24 கிலோவாட் அவர் மாடலே சரி. டிசி சார்ஜரில் 10இல் இருந்து 80 சதவீதத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். திருநெல்வேலி போய்வரத் தயங்க வேண்டாம்.

திருநெல்வேலிப் பாதையில் ஆரல்வாய்மொழிக் காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாகக் கிழக்கே வீசும் காற்று போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது மறிக்கும். 80 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு 30 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால் காற்றின் தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வரும் வழிக்குக் கூடுதல் சார்ஜ் மிச்சம் வையுங்கள்.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குத் தினமும் போகிறவர் கதை வேறு. நாகர்கோவிலில் இருந்து கழக்கூட்டம் போய்வர 160 கி.மீ. அளவுக்கு வரும். மழையும் ஏசியுமாக டியாகோ திணறும். 45 கிலோவாட் அவர் டாடா நெக்ஸான் அல்லது 38 கிலோவாட் அவர் எம்ஜி வின்ட்சர் பொருந்தும். ஒரு இரவுக்கு 23 யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்தில் காருக்கே சுமார் 1,000 யூனிட். கணக்கு 500ஐத் தாண்டியதுமே மானியம் குறையும், மேல் அடுக்குகளில் யூனிட் விலை ஏறிக்கொண்டே போகும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான், ஆனால் 'கி.மீ.க்கு ஒரு ரூபாய்' என்ற ஷோரூம் கணக்கு இவருக்குப் பொருந்தாது. 3 கிலோவாட் கூரை சோலார் வெயில் நாளில் 12 யூனிட் தரும், மத்திய மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு. பகலில் கார் வீட்டில் இருக்காது என்பதால், மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்குக் கொடுத்துக் கணக்கில் கழிக்கும் நெட் மீட்டர் இல்லாமல் பயன் குறைவு. இங்கே இரண்டு பருவமழை என்பதையும் மறக்க வேண்டாம்.

பேட்டரி இல்லாமல் காரை மட்டும் வாங்கி, பேட்டரிக்கு ஓடும் தூரத்துக்கு ஏற்ப வாடகை கட்டும் திட்டம் விலையைக் குறைத்துக் காட்டும். 2024இல் வின்ட்சர் அறிமுகமானபோது 9.99 லட்சமும் கி.மீ.க்கு 3.50 ரூபாயும். சில கடன் நிறுவனங்கள் மாதம் 1,500 கி.மீ.க்கான தொகையை, அதாவது 5,250 ரூபாயை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் அப்போது கேட்டன. அதிகம் ஓடுபவருக்கு ஒத்துவரலாம். வளைகுடாவில் இருந்து வருடத்துக்கு ஒருமுறை வருபவர் இதைத் தொடவே கூடாது.

அவர்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பெரிய திரையும் கண்ணாடிக் கூரையும் பார்த்து வாங்கிய கார் பத்து மாதம் நின்றால் முதலில் சாவது பெரிய பேட்டரி அல்ல, சின்ன 12 வோல்ட் பேட்டரிதான்; அது போனால் கதவுகூட ஒழுங்காகத் திறக்காது. பெரிய பேட்டரியைப் பாதி சார்ஜில் நிறுத்த வேண்டும். கிளட்ச் இல்லாத வண்டி என்று அப்பா சந்தோஷமாக வாரம் இருமுறை ஓட்டுவார் என்றால் மட்டும் வாங்குங்கள்.

எந்தக் கார் ஆனாலும் 15 ஆம்ப் பிளக்குக்குப் போர்டில் இருந்து 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் தனி லைன், தனி எம்சிபி (லோடு மீறினால் அணையும் சுவிட்ச்), ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் அணையும் சுவிட்ச்) வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மணிக்கணக்கில் சார்ஜ் ஏற்றினால் சாக்கெட் உருகும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர வீடுகளில் காய்ந்த மணலால் எர்த் சரியாகக் கிடைக்காமல் சார்ஜர் சிவப்பு விளக்கோடு நின்றுவிடுவது உண்டு. வண்டி புக் செய்யும் முன்பே எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்து பாருங்கள்.