தமிழ்ச் செய்தி படிக்க ஒரு பிரவுசர்: ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸ்

தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றை ஃபோனில் திறந்தால் முதலில் வருவது பெரும்பாலும் செய்தி அல்ல. நோட்டிஃபிகேஷன் அனுப்பட்டுமா என்று ஒரு கேள்வி, ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லும் ஒரு பட்டை, கேட்காமலே ஓடத் தொடங்கும் வீடியோ, திரையின் அடியில் ஒட்டிக்கொண்ட விளம்பரம். இவ்வளவையும் விலக்கினால் நடுவில் நாலு வரி. அதையும் படிக்கத் தொடங்கும்போது, தாமதமாக வந்த விளம்பரம் மேலே ஏறி உட்கார, வரிகள் சரேலென்று கீழே இறங்கும். விரல் வேறெதிலோ பட்டு வேறு பக்கம் திறக்கும். விளம்பரத்துக்கு வேண்டிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் இந்தத் துள்ளல் வராது. ஒதுக்குவதற்குச் சோம்பல், அவ்வளவுதான்.

தளங்கள் திருந்தும்வரை காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு ஆண்ட்ராய்டில் இப்போது நல்ல வழி ஃபயர்பாக்ஸ். வேகத்துக்காக இதைப் பரிந்துரைக்கவில்லை. வேகத்தில் குரோம் சற்று முன்னால்தான் நிற்கிறது. பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்ற முடிவைத் தளத்தின் கையிலிருந்து பிடுங்கிப் படிப்பவர் கையில் கொடுப்பதில்தான் ஃபயர்பாக்ஸ் மற்றவற்றை மிஞ்சுகிறது.

அதற்குக் காரணம் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் கூடுதலாக ஏற்றிக்கொள்ளும் குட்டி நிரல். ஆண்ட்ராய்டு குரோமில் அந்த வசதி இல்லை. ஃபயர்பாக்ஸும் 2020-இல் செயலியைப் புதிதாக எழுதியபோது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துக்கட்டியது. பழைய பயனர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2023 டிசம்பரில்தான் கதவு மறுபடி முழுதாகத் திறந்தது. இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் செய்தி படிக்க ஒன்று போதும்: விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின்.

மூன்று புள்ளி மெனுவில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' போய், பட்டியலில் யூபிளாக் ஆரிஜினுக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டால் ஏறிவிடும். பலர் இதோடு நிறுத்திவிட்டு, "இன்னும் ஏதேதோ வருகிறதே" என்கிறார்கள். பாதி வேலை இனிமேல்தான் இருக்கிறது. மெனு வழியாக யூபிளாக்கைத் திறந்து, பல்சக்கரப் படத்தைத் தொட்டு, எதையெல்லாம் தடுக்க வேண்டும் என்ற பட்டியல்கள் உள்ள 'ஃபில்டர் லிஸ்ட்ஸ்' பகுதிக்குப் போக வேண்டும். 'ரீஜன்ஸ்' என்ற தலைப்பின் கீழ் 'இந்தியன்லிஸ்ட்' இருக்கும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழித் தளங்களின் விளம்பரங்களுக்கென்றே உள்ள பட்டியல் அது. டிக் செய்யுங்கள். 'அனாயன்ஸஸ்' தலைப்பில் ஆட்கார்டு என்ற நிறுவனத்தின் 'மொபைல் ஆப் பேனர்ஸ்' பட்டியல் இருக்கும். ஆப்பைப் போடு, ஆப்பைப் போடு என்று நச்சரிக்கும் பட்டை பெரும்பாலும் இதில் அடங்கிவிடும். கடைசியில் 'அப்ளை சேஞ்சஸ்' தொட மறந்தால் செய்ததெல்லாம் வீண்.

கண்ணில் பட்ட பட்டியலையெல்லாம் டிக் செய்யும் ஆசை வரும். வேண்டாம். பட்டியல் கூடக்கூட மெமரி கூடுதலாகத் தின்னும், தளங்கள் உடைவதும் கூடும். சில தளங்கள் தடுப்பானைக் கண்டுபிடித்து வாசலிலேயே நிறுத்தும். அப்போது யூபிளாக்கின் பெரிய பவர் பட்டனை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைக்கலாம். விளம்பர வருமானத்தில் காலம் தள்ளும் சிறுபத்திரிகைத் தளங்கள், ஒருவர் இருவராக நடத்தும் தளங்கள் எதுவாயினும், பக்கத்தைக் கெடுக்காமல் விளம்பரம் போட்டால் அங்கே அணைத்து வைப்பதே நியாயம்.

யூபிளாக்கில் இன்னொரு வசதி, வெளியிலிருந்து வரும் ஃபாண்டைத் தடுப்பது. சில தளங்கள் அலங்காரமான தமிழ் ஃபாண்டை இறக்கிக்கொண்டிருக்கும்வரை பக்கம் வெறுமையாக நிற்கும். தடுத்துவிட்டால் ஃபோனிலேயே இருக்கும் தமிழ் ஃபாண்டில் எழுத்து உடனே தெரியும். ஆனால் மெனு, தேடல் போன்ற சின்னப் படங்களையும் பல தளங்கள் ஃபாண்டாகவே வைத்திருக்கின்றன. அவை கட்டம் கட்டமாக மாறிவிடும். எனவே எல்லாத் தளத்துக்குமாகப் போடாமல், தொல்லை தரும் தளத்துக்கு மட்டும் போடுவது நல்லது.

அடுத்தது எழுத்து. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்த வடிவமைப்பில் தமிழை ஊற்றினால் என்னாகும் என்பதை ஃபோனில்தான் பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்குப் போதுமான அதே அளவில் தமிழைப் போட்டால் புள்ளி மறைந்துபோகும், ரி எது ரீ எது என்று தெரியாது, இரண்டு சுழியா மூன்று சுழியா என்று ஊகிக்க வேண்டும். வரிகளுக்கு நடுவே இடைவெளி குறைந்தால் மேல்வரியின் 'கூ', 'து' வால்களும் கீழ்வரியின் 'கி', 'கீ' மேல்சுழிகளும் புள்ளியும் முட்டிக்கொள்ளும். இரு ஓரமும் சமமாக இழுத்து நிறுத்தும் பழக்கம் இதைவிட மோசம். தமிழ்ச் சொற்கள் நீளம். குறுகிய திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும் என்றால், நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியாமல் என்ன செய்யும்?

ஃபயர்பாக்ஸின் செட்டிங்ஸில் 'அக்சசிபிலிட்டி' போய் தானியங்கி ஃபாண்ட் அளவை அணைத்தால், 50 முதல் 200 சதவீதம்வரை நகர்த்தும் பட்டை வேலை செய்யும். தமிழுக்கு 115, 120 சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் உயரம் கட்டிப்போட்ட பெட்டிகளில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். அதே இடத்தில் 'ஜூம் ஆன் ஆல் வெப்சைட்ஸ்' என்பதையும் போட்டு வையுங்கள். இரு விரலால் பெரிதாக்க முடியாதபடி சில தளங்கள் பூட்டு போட்டிருக்கும். வயதானவர்கள் படிக்கும் தளத்தில் இந்தப் பூட்டு என்ன தைரியத்தில் என்று தெரியவில்லை. இந்த ஒரு சுவிட்ச் அதை உடைக்கும். குரோமிலும் இதே அக்சசிபிலிட்டி பகுதியில் இது இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீளமான கட்டுரைக்கு ரீடர் வியூ. முகவரிப் பட்டையில் தாள் போன்ற சின்னம் வந்தால் தொடுங்கள். விளம்பரம், ஓரப்பட்டை எல்லாம் உதிர்ந்து கட்டுரை மட்டும் நிற்கும். எழுத்தின் அளவையும், வெள்ளை, கறுப்பு, பழுப்பு எனப் பின்னணியையும் மாற்றலாம். சின்னமே வராத பக்கங்களும் உண்டு. அந்தப் பக்கத்தில் இது கட்டுரை, இது பத்தி என்று பிரவுசர் பிரித்தறிய வழியில்லாதபடி குறிகள் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். கட்டுரையை நாலு பக்கமாக வெட்டி 'அடுத்த பக்கம்' வைக்கும் தளங்களில் பெரும்பாலும் முதல் துண்டுதான் வரும். பத்திக்கு நடுவே செருகிய 'இதையும் படிங்க' இணைப்பும் சில வேளை கட்டுரையின் வரிபோலவே வந்து நிற்கும்.

செட்டிங்ஸில் தளங்களுக்கான அனுமதிப் பகுதியில் இரண்டு மாற்றம் போதும். நோட்டிஃபிகேஷனை 'பிளாக்டு' என்று வைத்தால் அந்தக் கேள்வியே எழாது. ஆட்டோபிளேயில் 'ஆடியோவை மட்டும் தடு' என்று விட்டால் வீடியோ ஊமையாக ஓடி டேட்டாவைக் கரைத்துக்கொண்டே இருக்கும். ஆடியோ, வீடியோ இரண்டையும் தடுக்க வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் விளம்பரம் கொட்டுகிறது என்றால், நீங்கள் ஃபயர்பாக்ஸிலேயே இல்லை என்பதுதான் வழக்கமான காரணம். ஃபேஸ்புக் போன்ற ஆப்கள் இணைப்புகளைத் தமக்குள்ளேயே ஒரு சின்ன பிரவுசரில் திறக்கும். அங்கே யூபிளாக் கிடையாது. மூலையில் உள்ள மெனுவில் வெளி பிரவுசரில் திறக்கும் வழி இருக்கும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'டீஃபால்ட் பிரவுசர்' ஆக ஃபயர்பாக்ஸை வைத்தால்தான் அதுவும் சரியாக வந்து சேரும்.

குறைகளும் உண்டு. 3 ஜிபி, 4 ஜிபி ராம் உள்ள ஃபோனில் வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறும். பாதி நிரப்பிய படிவம் போயே போச்சு. ஓடிபி பார்க்க எஸ்எம்எஸ் பக்கம் போக வேண்டிய வேலைகளில் இது நிஜமான ஆபத்து. பணம் கட்டும் தளங்களும் படிவத் தளங்களும் பெரும்பாலும் குரோமில் மட்டுமே சோதித்துப் பார்க்கப்படுவதால், அவற்றில் பட்டன் நகராமல் நிற்பதும் உண்டு. முதலில் யூபிளாக்கை அணைத்துப் பாருங்கள், பிறகு முகவரிப் பட்டையின் கேடயச் சின்னத்தில் டிராக்கிங் தடுப்பை அணைத்துப் பாருங்கள். அப்படியும் நகராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம், அந்த வேலைக்குக் குரோம் போதும். படிக்க ஒன்று, பணம் கட்ட ஒன்று என்று இரண்டையும் வைத்திருப்பதில் தவறில்லை.

பெரிய ஃபோன் வைத்திருப்பவர்கள் 'கஸ்டமைஸ்' பகுதியில் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கு எட்டும், பட்டையைப் பக்கவாட்டில் தள்ளி டேப் மாறவும் முடியும்.

ஐஃபோன்காரர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே ஃபயர்பாக்ஸ் என்ற பெயரில் கிடைப்பது, உள்ளே பக்கங்களைக் காட்டும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சினில் ஓடுவது. யூபிளாக்கை அதில் ஏற்ற முடியாது. சஃபாரியிலேயே உள்ள ரீடரைப் பயன்படுத்துவது அவர்களுக்கு மேல்.