‘நிரந்தர ராத்திரி லைன்’ என்று லாரி வேலை தருகிறார்களா? கையெழுத்துக்கு முன்னால் இதைப் படியுங்கள்

ராத்திரி லைன் தேடிக்கொண்டிருக்கும் லாரி டிரைவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘ஒரே லைன், ஒரே நேரம், ராத்திரி மட்டும், காலையில் வீடு’ என்று சொல்லி ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்தது. ராத்திரி வேலை கிடைத்தது உண்மைதான். கூடவே என் பகலையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பகலுக்குச் சம்பளம் கிடையாது. வேலையை விட்டபோது வரவேண்டிய பணத்திலும் கை வைத்தார்கள். கம்பெனி பெயரை இங்கே போடவில்லை. இதே முறையில் ஏமாந்த டிரைவர்களை வேறு வேறு கம்பெனிகளிலும் பார்த்துவிட்டேன், அதனால் முறையைச் சொல்வதுதான் பலருக்கு உதவும்.

நேர ஒழுங்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று ராத்திரி ஓட்டியவர்களுக்குத் தெரியும். விடியற்காலை 2 மணியிலிருந்து 6 மணி வரைக்கும் உடம்பு தூக்கத்துக்கு இழுக்கும். எத்தனை வருஷம் ஓட்டினாலும் அது முழுசாகப் போகாது. பகலில் தூங்கும் தூக்கமும் ராத்திரித் தூக்கம் அளவுக்கு நீளாது. ஆனாலும் தினமும் ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழுந்தால் சமாளித்துவிடலாம். ஒரு நாள் பகல், மறுநாள் ராத்திரி என்று மாற்றி மாற்றி ஓட்டும்போதுதான் ஆள் நொறுங்கிப் போகிறான். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அந்த அளவைத் தாண்டினால் வண்டியைத் தொடவே கூடாது. ரெகுலர் ஷெட்யூல் கேட்பது சொகுசுக்காக இல்லை, உயிரோடு வீடு திரும்புவதற்காக.

இன்டர்வியூவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஒரு ரூட் ஷீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். 21:00 புறப்பாடு. நடுவழியில் எதிர் ஹப்பிலிருந்து, அதாவது மறுமுனையில் சரக்கு சேர்த்துப் பிரிக்கும் மையத்திலிருந்து, வரும் வண்டியைச் சந்தித்து டிரெய்லரை மாற்றிக்கொள்ள வேண்டும். 05:30க்குத் திரும்பி வந்து கேட்டுக்குள் நுழைய வேண்டும். பார்சல், கூரியர் கம்பெனிகளின் ஹப்-டு-ஹப் லைன் இப்படித்தான் ஓடும். சாயங்காலம் சரக்கு சேரும், பிரித்து ஏற்றுவார்கள், சீல் வைத்த டிரெய்லரை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். டிரைவர் சரக்கைத் தொடவே வேண்டாம். “இந்த லைன் நம்முடையது, வருஷக்கணக்காக ஓடுகிறது” என்றார். ஷீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘செயல்பாட்டுத் தேவைக்கேற்ப மாறுதலுக்கு உட்பட்டது.’ அதைக் காட்டிக் கேட்டேன். “அது எல்லாக் காகிதத்திலும் இருக்கிறதுதான், வண்டி பிரேக்டவுன் ஆனால் என்ன செய்வது, அதற்காகப் போட்டது” என்று பதில் வந்தது.

பயிற்சிக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம் என்று ஒரு தொகை முதல் சம்பளத்தில் பிடிப்பார்களாம். ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் பயிற்சிச் செலவு முழுவதையும் கட்டவேண்டும் என்று பாண்டும் எழுதி வாங்கினார்கள். பயிற்சி என்று நடந்தது ஒரு மத்தியானம் வீடியோ பார்த்தது. ஆட்களை வேலைக்குச் சேர்த்துவிடும் தனியார் ஏஜென்சிகள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் வருஷத்து 181ஆம் உடன்படிக்கையில் பொது விதியாகவே இருக்கிறது. எல்லா நாடும் அதை ஏற்கவில்லை, விதிவிலக்குகளும் உண்டு. ஆனாலும் வேலை கொடுக்கிறவரே உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

முதல் சில நாட்கள் ஷீட்டில் போட்டபடியே ஓடியது. டிரெய்லர் மாற்றினேன், விடியும்போது திரும்பினேன், வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். அப்புறம் ஒரு மத்தியானம் தூக்கத்தில் போன் வந்தது. “இன்றைக்கு மட்டும் லோடிங் பாயின்ட்டுக்கு நேராகப் போய்விடுங்கள் அண்ணா, வண்டி ரெடியாக இல்லை.” இன்றைக்கு மட்டும் என்பது நாளைக்கும் ஆனது. அந்த வாரம் முடிவதற்குள் எதிர் ஹப் வண்டி என்ற பேச்சே நின்றுபோனது.

உண்மை என்னவென்றால் அந்த லைன் அவர்களுடையதே இல்லை. வேறொரு கம்பெனியின் லைனில் டிரைவர் பற்றாக்குறை வந்தபோது கொஞ்ச நாள் வண்டி கொடுத்திருக்கிறார்கள். மற்றபடி புரோக்கரிடம் அன்றன்றைக்குக் கிடைக்கும் ஸ்பாட் லோடில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது. ஸ்பாட் லோடில் வாழும் கம்பெனியால் ரெகுலர் ஷெட்யூல் தரவே முடியாது, நல்ல மனசு இருந்தாலும் முடியாது. சரக்கு எப்போது ரெடியாகும் என்பதே காலையில்தான் அவர்களுக்குத் தெரியும். முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு ஓடும் கான்ட்ராக்ட் லோடு வேறு மாதிரி. பார்சல், தபால், பத்திரிகை, பால், சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும் சரக்கு எல்லாம் விடிவதற்குள் போய்ச் சேர்ந்தே ஆகவேண்டியவை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வண்டி கிளம்பியாக வேண்டும். ராத்திரி வேலை ரெகுலராக இருப்பது அந்த மாதிரிச் சரக்கில்தான்.

நடந்ததில் எனக்கு இன்னும் ஆறாதது ஒரு கிடங்கில் நடந்த விஷயம். காலையில் வந்து வண்டியை டாக்கில், அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில், சேர்த்தேன். ராத்திரி முழுக்க ஓட்டிய கண். லோடிங் தொடங்கவே மத்தியானம் ஆகும் என்றார்கள். வண்டியை விட்டுப் போகவும் கூடாது, கூப்பிட்டால் உடனே நகர்த்த வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே ஏறி இறங்கும்போதெல்லாம் கேபின் குலுங்கும். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினால் யாராவது கதவைத் தட்டி “கொஞ்சம் முன்னாடி எடுங்க” என்பார்கள். இந்த நிலையில் ஆபீஸில் இருந்து வண்டிகளை அனுப்பும் டிஸ்பாட்சர் போன் பண்ணி, “டேக்கோகிராஃபைக் கட்டில் படத்துக்கு மாற்றிவிடுங்கள், அப்போதுதான் ராத்திரி ஓட்ட மணி மிச்சம் இருக்கும்” என்றார்.

டேக்கோகிராஃப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், டிரைவர் எவ்வளவு நேரம் ஓட்டினார், எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தார் என்று பதிவு செய்யும் கருவி அது. அதில் ஸ்டியரிங் படம் வந்தால் ஓட்டுகிறோம், குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல் வந்தால் வேறு வேலை செய்கிறோம், கட்டில் வந்தால் ஓய்வு. ஐரோப்பிய விதியில் ஓய்வு என்றால் டிரைவர் தன் நேரத்தைத் தன் இஷ்டப்படி செலவழிக்கக்கூடிய நேரம். டாக்கில் கூப்பிடுகுரலுக்குக் காத்துக் கிடப்பது அதில் சேராது. கட்டிலுக்கு மாற்றினால் கம்பெனிக்கு இரண்டு லாபம்: காத்திருந்ததற்குப் பணம் தரவேண்டாம், ராத்திரி வண்டியும் ஓடும். பிடிபட்டால் பொய்ப் பதிவு போட்டது டிரைவர் என்றுதான் எழுதுவார்கள். நான் மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து டிஸ்பாட்சர் குரலே மாறிப்போனது.

அந்த வாரக் கடைசியில், நாலு மணி தாண்டிய நேரம். நேர் ரோடு, எதிரே வண்டியே இல்லை. சக்கரம் ரோட்டோரத்து வரிமேட்டில் ஏறி தடதடவென்று ஒரு சத்தம், ஸ்டியரிங்கில் நடுக்கம். அதற்கு முந்தைய சில நொடிகள் என்ன நடந்தது என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. வண்டியை ஓரம் கட்டி ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு, இன்ஜினை அணைத்துத் தூங்கினேன். விடிந்த பிறகு டெலிவரி தாமதம் என்று அபராதம் போட்டார்கள். அதற்கப்புறம் அங்கே இருக்கக்கூடாது என்று முடிவு செய்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செட்டில்மென்ட்டில் பாண்ட் தொகை, தாமத அபராதம், இன்னும் பெயர் புரியாத கழிவுகள் எல்லாம் போக மிச்சம் அநேகமாக ஒன்றுமில்லை. தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறேன், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

வேலைக்குப் போகும் முன் என்ன கேட்கவேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: இதே லைனில் கடந்த மூன்று மாதம் ஓடிய வண்டியின் புறப்பாடு, வருகை நேரங்களைக் காட்டச் சொல்லுங்கள். ரெகுலராக ஓடுகிற லைனுக்கு அந்தக் கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தே தீரும், எடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. ‘ரகசியம்’ என்று மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். சரக்கு யாருடையது, கான்ட்ராக்ட்டா ஸ்பாட்டா, லோடு ஏற்றி இறக்குவது யார், காத்திருந்தால் மணிக்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். முடிந்தால் இப்போது அந்த லைனை ஓட்டுகிற டிரைவரிடம், கேட்டுக்கு வெளியே நின்று பேசுங்கள். ஆபீஸ் ஒரு மணி நேரம் பேசினாலும் தெரியாதது அவர் இரண்டு நிமிஷத்தில் சொல்வதில் தெரியும். வேலை ஆர்டரில் புறப்படும் நேரமும் வார ஓய்வு நாளும் எழுத்தில் இல்லை என்றால், வாயால் சொன்ன எதையும் நம்பவேண்டாம்.

உங்கள் நாட்டு ஓட்டும் நேர விதியைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசினால் அவர்கள் பேச்சே வேறாகும். இந்தியாவில் 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று பொதுவாக வைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி வரை போகலாம். நாலரை மணி ஓட்டியதும் 45 நிமிஷம் நிறுத்தியாக வேண்டும். அமெரிக்காவில் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்தபின் 11 மணி நேரம் ஓட்டலாம், அதுவும் வேலை தொடங்கி 14 மணி நேரத்துக்குள். அங்கே விதியை மீறி ஓட்டச் சொல்லி டிரைவரை மிரட்டுவதே 2016 முதல் தனிக் குற்றம். கம்பெனி மட்டுமல்ல, சரக்கு அனுப்புகிறவரோ புரோக்கரோ மிரட்டினாலும் அது பொருந்தும்.

ஏற்கெனவே இந்த மாதிரி இடத்தில் மாட்டிக்கொண்டு ஓட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். கிடங்கில் நுழையும்போதும் வெளியேறும்போதும் கேட்டில் நேரம் போட்டுத் தரும் பாஸை எறிந்துவிடாதீர்கள், ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். டிஸ்பாட்சர் போனில் சொன்னால், “நீங்கள் சொன்னபடி கட்டிலுக்கு மாற்றவா?” என்று மெசேஜில் திருப்பிக் கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். என் மனுவில் இப்போது எனக்காகப் பேசிக்கொண்டிருப்பது அந்த கேட் பாஸ்களும் இரண்டு மெசேஜும்தான். கம்பெனி கொடுத்த போனில் மட்டும் வைக்காதீர்கள், வேலையை விட்ட அன்றே அதைத் திருப்பி வாங்கிவிடுவார்கள்.