ஐகுச்சிக் குறுவாளின் அணிவேலை: கோத்தோ மரபா, சோமினின் மரபா?

ஐகுச்சி என்ற அமைப்பில் பூட்டப்பட்ட ஜப்பானியக் குறுவாளுக்குக் கைக்காப்புத் தகடு கிடையாது. கைப்பிடியின் விளிம்பும் உறையின் வாயும் நேரே பொருந்தி நிற்கும். நெடுவாளில் கண்ணை முதலில் கவரும் தகடு இல்லாததால், கைப்பிடியின் இருபுறமும் பதிக்கப்படும் மெனுகி உருவங்களும், உறையோரத்தில் செருகப்படும் சிறுகத்தியின் பிடியான கோசுகாவுமே அணிவேலையின் சுமையைத் தாங்குகின்றன.

கோத்தோ மரபைத் தொடங்கிய கோத்தோ யூஜோ (1440–1512), ஷோகன் எனப்படும் படைத்தலைமை ஆட்சியாளரான அஷிகாகா யோஷிமாசாவிடம் பணியாற்றியவர். அவர் வழிவந்தோர் டோக்குகவா ஆட்சிக்காலத்திலும் ஷோகன்களின் உலோகச் சிற்பிகளாகத் தொடர்ந்தனர். செம்பில் சிறிதளவு தங்கம் சேர்த்து உருக்கி, கரைசலில் வேகவைத்து நீலம் ஓடிய கருமையை வரவழைத்த ஷாக்குதோ உலோகமே அவர்களின் அடையாளம். குழிமுனை உளியால் ஒவ்வொன்றாக அடித்து, மீன்முட்டைகளை வரிசையாக அடுக்கியது போன்ற நனாகோ பரப்பை உருவாக்கி, அதன்மீது டிராகனையும் சிங்கத்தையும் புடைப்பாக எழுப்பிப் பொன் பூட்டினார்கள்.

யோகோயா சோமின் (1670–1733) ஷோகனின் பணியை விட்டு விலகி, நகரத்து மக்களுக்காகச் செதுக்கியவர். உளியைச் சாய்த்துப் பிடித்து, பள்ளத்தின் ஒரு கரையைச் செங்குத்தாகவும் மறு கரையைச் சரிவாகவும் வெட்டும் கதாகிரி முறையால், தூரிகைக் கோட்டின் பருமனையும் மெலிவையும் உலோகத்திலேயே கொண்டுவந்தார். ஓவியர் ஹனபுசா இட்சோவின் வரைவுகளும் அவருக்கு மூலமாயின.

கோசுகாவில் சோமினுக்கே என் வாக்கு. சுமார் 10 செ.மீ. நீளமும் 1.5 செ.மீ. அகலமும் கொண்ட அந்தப் பட்டையில் கோத்தோவின் நனாகோப் புள்ளிகள் இடம் முழுவதையும் அடைத்துவிட, கதாகிரிக் கோடோ வழவழப்பான வெறும் பரப்பையும் காட்சியின் பகுதியாக்கிவிடுகிறது. வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் சரிவான கரை மினுங்கி, செங்குத்தான கரை இருண்டு, ஒரே வெட்டு மையின் ஈரத்தோடு தெரியும்.

மெனுகியில் நிலைமை வேறு. சோமினும் புடைப்பு வேலையில் தேர்ந்தவர்தான். ஆனாலும் தகட்டைப் பின்புறமிருந்து அடித்துப் புடைக்கச்செய்து முன்புறம் செதுக்கும் கோத்தோ வேலையில் உருவம் எல்லாப் பக்கமும் நிறைவாகத் திரள்கிறது. ஐகுச்சியின் கைப்பிடியில் பெரும்பாலும் நாடா சுற்றப்படாததால், வெண்ணிறத் திருக்கைத் தோலின்மேல் அந்தக் கருமையும் பொன்னும் மறைப்பின்றித் தெரியும்.

மெனுகி, கோசுகா, கூந்தல் ஊசியான கோகாய் மூன்றும் ஒரே பொருளில் அமைந்த தொகுதியை விரும்புவோர் கோத்தோவையே தேட வேண்டும். கோகாய் இல்லாத எளிய குறுவாளுக்கோ சோமின் வழி வந்த கோசுகா ஒன்றே போதும்.