கனவைப் பிடிக்க ஆய்வகமா, நோட்டுப் புத்தகமா?

கனவு ஆராய்ச்சிக்கு இரண்டு வழி. தூங்குபவரை நடுவில் எழுப்பிக் கேட்கலாம். அல்லது வீட்டில் விழித்ததும் அவரையே எழுதச் சொல்லலாம்.

முதல் வழி சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூடுபிடித்தது. அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி தன் எட்டு வயது மகனின் கண்ணோரம் மின்முனை ஒட்டி, இரவெல்லாம் கண்ணசைவைக் காகிதத்தில் வரையும் கருவியருகே உட்கார்ந்திருந்தார். பையன் தூங்கிக்கொண்டிருக்க, காகிதத்தில் பேனா திடீரெனத் துள்ளியது. மூடிய இமைக்குள் விழிகள் ஓடிக்கொண்டிருந்தன! 1953இல் அவரும் அவர் வழிகாட்டிப் பேராசிரியர் கிளைட்மனும் வெளியிட்ட கணக்கு இது: விழி ஓடும்போது தூங்குபவர்களை எழுப்பி 27 முறை விசாரித்ததில் 20 முறை விரிவான கனவு கிடைத்தது. விழி அசையாதபோது 23 முறை கேட்டதில் 19 முறை ஒன்றும் நினைவில்லை. காலை வரை காத்திருந்தால் இது சிக்காது. பல் துலக்குவதற்குள் பாதி போய்விடுமே.

ஆனால் தலை முழுக்க ஒயரோடு படுத்தால், அந்த ஆய்வகமே கனவில் வந்து நிற்கும். அங்கேதான் நோட்டு ஜெயிக்கிறது. செலவும் இல்லை. உளவியலாளர்கள் கால்வின் ஹாலும் வான் டி காசிலும் 200 மாணவ மாணவியர் எழுதிய 1000 கனவுகளை வகைபிரித்து 1966இல் தந்தார்கள். ஆண்களின் கனவில் ஆண்களே அதிகம். பெண்களின் கனவில் இருபாலும் ஏறக்குறைய சமம். என்ன, சுவையான கனவுதான் நோட்டில் ஏறும். சப்பென்றிருப்பதை யார் எழுதுவார்?

கனவு எப்போது வருகிறது என்று கேட்டால் ஆய்வகம். எதைப் பற்றி வருகிறது என்றால், என் ஓட்டு நோட்டுக்கு.