மெடல் வாங்கித் தருகிறோம் என்று 18,500 ரூபாய் அடித்துவிட்டார்கள். பட்டாளத்தார் வீட்டுப் பிள்ளைகளே, உஷார்

முந்தாநாள் மதியம் பார்சல் வந்தது. அதிலிருந்து அப்பா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனது 18,500 ரூபாய். பணத்தைவிட அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. என்ன செய்ய வேண்டும், எங்கே எழுத வேண்டும் என்பதைக் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் எஞ்சினியர் படைப்பிரிவு. 1969இல் சேர்ந்தார், 17 வருஷம் முடித்து ஹவில்தாராக வந்தார். வேலூர் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தார்தான். 1971 போரில் பாகிஸ்தானின் ஷக்கர்கர் பகுதியில் கண்ணிவெடி எடுக்கும் வேலை. டாங்கி போவதற்கு வழி திறந்துவிட வேண்டும், இருட்டில், டிசம்பர் குளிரில், குப்புறப் படுத்துக்கொண்டே. இதை அவர் வாயிலிருந்து மொத்தமாகவே மூன்று நான்கு தடவைதான் கேட்டிருப்பேன்.

அந்தப் போருக்கு இரண்டு மெடல் அவருக்கு வந்திருக்க வேண்டும். மேற்கு முனையில் களத்தில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார் (கிழக்கு முனை என்றால் பூர்வி ஸ்டார்). அப்புறம் சங்கிராம் மெடல், அது 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை பணியில் இருந்தவர்களுக்கு. நடுவில் அப்பா யூனிட் மாறிப் போனார், பட்டியல் எழுதிய நேரத்தில் அவர் பெயர் எங்கோ நின்றுவிட்டது. டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் பகுதியில் இரண்டுமே இல்லை. சுதந்திர 25ஆம் ஆண்டு மெடலும் சைன்ய சேவா மெடலும் மட்டும் உண்டு. ஐம்பது வருஷமாக அவரும் கேட்கவில்லை.

போன டிசம்பர் 16, விஜய் திவஸ் (1971 போர் வெற்றி நாள்) கூட்டத்தில் ஒருவர் அப்பாவின் சட்டையைப் பார்த்துவிட்டு, “என்னண்ணே, நீங்க ஷக்கர்கர்ல இருந்தீங்களே, ஸ்டார் எங்க?” என்று கேட்டிருக்கிறார். சாதாரணமாகக் கேட்டதுதான். வீட்டுக்கு வந்து அப்பா பீரோவைத் திறந்து டிஸ்சார்ஜ் புக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று ராத்திரியே நான் போனில் தேட ஆரம்பித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதலில் வந்து நின்றது ஒரு தளம். முன்னாள் ராணுவத்தினருக்கு ஆவணத் திருத்தம், பென்ஷன் திருத்தம், விடுபட்ட மெடல் எல்லாம் செய்து தருகிறோம் என்று போட்டிருந்தது. மேலே மூவர்ணம், நடுவில் நான்கு சிங்கம், பார்த்தால் அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை. நம்பரைக் கொடுத்த பத்தாவது நிமிஷம் போன் வந்தது.

எங்களைச் சாய்த்த இடம் இதுதான். எடுத்ததும் “ஜெய்ஹிந்த் சாப்” என்றான். தானும் சர்வீஸ்மேன்தான் என்றான். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். எந்த டிரேடு, எந்த வருஷம் பெங்களூரு சென்டரில் டிரெயினிங் என்று கேட்டுவிட்டு, “ஓ, நீங்க நம்ம தம்பியா சாப்!” என்றான். மெட்ராஸ் சாப்பர்களைத் ‘தம்பி’ என்று கூப்பிடுவது பட்டாளத்தில் பழைய வழக்கம். அந்த ஒரு வார்த்தைக்கு அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். 75 வயது, முழங்கால் வலி, போனைக் காதில் வைத்துக்கொண்டு அட்டென்ஷனில் நிற்கிறார். அதைப் பார்த்த பிறகு நான் எதைச் சந்தேகப்படுவது? அந்த வார்த்தையை எந்தக் கட்டுரையில் வேண்டுமானாலும் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று இப்போதுதான் உறைக்கிறது.

முதலில் 3,500, ஃபைல் திறக்க. அடுத்த வாரம் 9,000, ரெக்கார்டு திருத்தக் கட்டணம். அப்புறம் “மெடல் சாங்ஷன் ஆயிடுச்சு சாப், அடிக்கிற செலவு மட்டும்” என்று 6,000. ஆக 18,500. அப்பாவின் பென்ஷனிலிருந்து 9,000, மீதி என்னுடையது. டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், ஆதார் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், அது வேறு இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

பிறகு ஆரம்பித்தது இழுத்தடிப்பு. ஜனவரி 26 பரேடு முடியட்டும் சார். டெல்லியில் சர்வர் டவுன் சார். கர்னல் சாப் லீவில் இருக்கிறார். ஃபைல் மூவ் ஆகிக்கொண்டிருக்கிறது. எங்கிருந்து எங்கே மூவ் ஆகிறது என்று ஒருநாள் கேட்டேன். “அதெல்லாம் கான்ஃபிடென்ஷியல் சார்.” அப்பாவோ, “பட்டாளத்துல பேப்பர் மெதுவாத்தான்டா போகும்” என்று எனக்கே சமாதானம் சொன்னார். கூட்டத்துக்குப் போட்டுக்கொள்ள வெள்ளைச் சட்டை ஒன்று புதிதாகத் தைத்து வைத்திருந்தார்.

முந்தாநாள் வந்த பார்சலில் வெல்வெட் பெட்டி, இரண்டு மெடல், லேமினேட் செய்த ஒரு சர்டிபிகேட். அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைக்கப் போனார். அப்பா, “இரு” என்று சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெடலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கட்டை விரல் நகத்தால் விளிம்பைச் சுற்றித் தடவினார். பிறகு பீரோவிலிருந்து 25ஆம் ஆண்டு மெடலை எடுத்து வந்து அதையும் அதே மாதிரி தடவினார். எதுவும் சொல்லாமல் இரண்டையும் என் கையில் கொடுத்தார். பழைய மெடலின் விளிம்பில் அவர் நம்பர், ரேங்க், பெயர் மூன்றும் பொடி எழுத்தில் இருக்கின்றன, நகத்துக்கு நெருடும். புதியது வழவழவென்று மொட்டை. ஸ்டாரின் பின்பக்கத்திலும் ஒரு எழுத்து இல்லை. கடையில் கிடைக்கிற நகல்!

சர்டிபிகேட்டைப் படித்தார். அதில் பெயருக்கு முன்னால் ‘சிப்பாய்’ என்று இருந்தது. “நான் எப்போடா சிப்பாயா இருந்தேன்? நான் சாப்பர்.” போர் நடந்தபோது அவர் இருந்த ரேங்குக்கு எஞ்சினியர் படையில் பெயரே சாப்பர்தான். பட்டாளத்தில் ஒருநாள் இருந்தவன்கூட இந்தத் தப்பைச் செய்ய மாட்டான். பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: “இதைக் குத்திக்கிட்டுப் போனா நானும் திருடன்தான்.”

உடனே போன் போட்டேன். ‘தம்பி’ என்று கொஞ்சியவன் எடுக்கவே இல்லை. வேறு ஒரு பெண் எடுத்து, நாங்கள் கொடுப்பது நினைவுப் பொருள்தான் சார், விதிமுறையில் போட்டிருக்கிறோமே, படிக்கவில்லையா என்றார். போய்ப் பார்த்தேன். தளத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி எழுத்தில் இருக்கிறது. அப்போ ரெக்கார்டு திருத்தக் கட்டணம் 9,000 எதற்கு என்று கேட்டேன். “ஆலோசனைக் கட்டணம் சார்.” மறுபடி கூப்பிட்டால் பிளாக். பேங்கில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதுதானே என்கிறார்கள். சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடித்துப் புகார் எண் வாங்கியிருக்கிறேன். 18,500 திரும்புமா, சாமிக்குத்தான் வெளிச்சம்.

நேற்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம். அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, “மெடலுக்கு யாருங்க காசு கேட்டது?” முதல் தடவை வழங்கப்படும் மெடலுக்குக் கட்டணமே கிடையாது. தொலைத்துவிட்டு நகல் கேட்டால்தான் பணம். சேர்ந்த படையின் ரெக்கார்டு ஆபீசுக்கு வெள்ளைத் தாளில் விண்ணப்பம் எழுதினால் போதும். சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், அந்தச் சமயம் இருந்த யூனிட், டிஸ்சார்ஜ் புக் நகல். அவர்கள் ஷீட் ரோல், பார்ட் டூ ஆர்டர் என்கிற பழைய சர்வீஸ் பதிவுகளைப் பார்த்து, தகுதி இருந்தால் மேலே எழுதுவார்கள். நாள் ஆகும். ஆனால் இலவசம்.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், நேரமில்லை, பத்து மணிக்குக் கிளம்பணும். சுருக்கமாக:

மெடலுக்கோ ரெக்கார்டு திருத்தத்துக்கோ எவன் காசு கேட்டாலும் போனை வையுங்கள். ‘ஜெய்ஹிந்த்’ சொன்னதற்காக நம்பாதீர்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டரை வாட்ஸாப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், ஸ்பர்ஷ் (ராணுவ பென்ஷன் தளம்) பாஸ்வேர்டு, ஓடிபி பேச்சே கூடாது. ரெக்கார்டு ஆபீசிலிருந்து பதில் வரவில்லை என்றால் பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். அப்பாவே கையெழுத்துப் போடட்டும், நீங்கள் உங்கள் பெயரில் கேட்காதீர்கள். மெடல் வந்தால் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏமாந்திருந்தால் அன்றைக்கே 1930, நான் ஒரு ராத்திரியை வீணாக்கினேன்.

அப்பா நேற்று ராத்திரியே விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டார். இங்கிலீஷில், பெரிய எழுத்தில், முதல் வரியில் நம்பர், அடுத்து SPR என்று இல்லாமல் முழுசாக ‘சாப்பர்’ என்று போட்டு அடிக்கோடு வேறு. இப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஸ்பீட் போஸ்ட் பண்ணிவிட்டு அப்படியே சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். அந்த வெல்வெட் பெட்டியும் என் பையில்தான் இருக்கிறது.