ஷூபர்ட் வெரைட்டி வழவழப்பானதா? மூன்று சோதனைகள், ஒரு தேர்வு

4 பரிமாண வெளிக்குள் ஒரு கோடு, அந்தக் கோடு அடங்கிய தளம், அந்தத் தளம் அடங்கிய முப்பரிமாண வெளி. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக அமைவதுதான் கொடி. எல்லாக் கொடிகளும் சேர்ந்தால் ஃப்ளாக் வெரைட்டி (வெரைட்டி என்றால் பல்லுறுப்புச் சமன்பாடுகளால் வரையறுக்கப்படும் வடிவம்). மேல் முக்கோண அணிகள் அதை 24 ஆர்பிட்டுகளாக, அதாவது அந்த அணிகளால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக்கூடிய கொடிகளின் கூட்டங்களாகப் பிரிக்கின்றன, 1234-இன் ஒவ்வொரு வரிசைமாற்றத்துக்கும் ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே வழவழப்பானவை, அதாவது கூர்முனையோ மடிப்போ இல்லாதவை. ஓரங்களையும் சேர்த்து மூடும்போதுதான், அதாவது ஷூபர்ட் வெரைட்டியாகும்போதுதான், சிக்கல் வருகிறது. 24-இல் 22 தப்பிவிடுகின்றன. 3412, 4231 இரண்டும் மாட்டிக்கொள்கின்றன.

முதல் சோதனை, லக்ஷ்மிபாயும் சந்தியாவும் 1990-இல் தந்த பேட்டர்ன் விதி. எத்தனை எண்கள் இருந்தாலும், உள்ளே 3412 அல்லது 4231 என்ற ஏற்ற இறக்கத்தில் நான்கு எண்கள் கிடைத்தால் வழவழப்பு போயிற்று, கிடைக்காவிட்டால் உண்டு. 351624-ஐப் பாருங்கள்: 3, 5, 1, 2 வரிசையாக நிற்கின்றன, அது 3412-தான். கண்ணாலேயே முடிந்துவிடுகிறது, அழகான விதி. ஆனால் ஏன் கெட்டது, எவ்வளவு கெட்டது என்று அது வாய் திறப்பதில்லை.

அதைச் சொல்வது இரண்டாவது சோதனை, லக்ஷ்மிபாயும் சேஷாத்ரியும் 1984-இல் தந்த தொடுவெளிக் கணக்கு. தொடுவெளி என்பது ஒரு புள்ளியில் வெரைட்டியைத் தொட்டுச் செல்லும் திசைகளின் வெளி; வழவழப்பான இடத்தில் அதன் பரிமாணமும் வெரைட்டியின் பரிமாணமும் சமம், கெட்ட இடத்தில் அது பெரிது. எல்லா ஷூபர்ட் வெரைட்டியிலும் 1234-க்கு உரிய புள்ளி இருக்கிறது. கெடுதல் எங்கே இருந்தாலும் அந்தப் புள்ளியில் தெரிந்தே தீரும். அங்கே தொடுவெளியின் பரிமாணம் என்பது, இரண்டே எண்களை இடம் மாற்றும் வரிசைமாற்றங்களில் எத்தனை ப்ரூஹா வரிசையில் நம்முடையதற்குக் கீழே வருகின்றன என்ற எண்ணிக்கைதான் (ஒன்றின் ஷூபர்ட் வெரைட்டிக்குள் இன்னொன்றின் ஆர்பிட் அடங்கினால், அந்த இன்னொன்று கீழே). 3412-ஐ எடுத்துக்கொள்வோம். அப்படிப்பட்டவை மொத்தம் 6. அவற்றில் 4231 மட்டும் கீழே வராது, ஏனென்றால் அது 4-இல் தொடங்குகிறது, நம்முடையது 3-இல். மீதி 5-உம் வருகின்றன. வெரைட்டியின் பரிமாணமோ தலைகீழாக, அதாவது பெரிய எண் முன்னே நிற்கும் ஜோடிகளின் எண்ணிக்கை, இங்கே 4. நாலு பரிமாணப் பொருளுக்கு ஐந்து பரிமாணத் தொடுவெளி! கெடுதல் கைக்கே தட்டுப்படுகிறது. 4231-க்கும் இப்படித்தான், 5-க்கு 6.

மூன்றாவது, காரெல், பீட்டர்சன் இருவர் பெயரில் வழங்கும் பாயின்கரே பல்லுறுப்புக்கோவைச் சோதனை. கீழே உள்ள எல்லா வரிசைமாற்றங்களையும் நீளவாரியாக, அதாவது தலைகீழ் ஜோடிகளின் எண்ணிக்கைப்படி எண்ண வேண்டும்; வரும் எண்களே பல்லுறுப்புக்கோவையின் குணகங்கள். இரு பக்கமிருந்தும் ஒரே மாதிரி இருந்தால் வழவழப்பு. 3412-க்கு 1, 3, 5, 4, 1 வருகிறது. திருப்பிப் படித்தால் ஒத்துவரவில்லை, ஆகவே கெட்டது. கருத்து ஆழமானது, உழைப்புதான் பயங்கரம். 10 எண்கள் என்றால் பேட்டர்னுக்கு 210 நால்வர் கூட்டங்கள், தொடுவெளிக்கு 45 இடமாற்றங்கள். இதற்கோ 36,28,800 வரிசைமாற்றங்கள் வரை போகலாம்.

என் தேர்வு தொடுவெளிக் கணக்கு. புதிதாகக் கற்பவருக்கு முதலில் காட்ட வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன். பேட்டர்ன் விதியை மனப்பாடம் செய்துவிடலாம், ஆனால் வடிவியல் கண்ணில் படாது.

சரி, சாதாரண அணிகளை விட்டு வேறு குலங்களுக்குப் போனால்? பி2 வகையில், அதாவது 5 பரிமாணச் சுழற்சிக் குலத்தில், 8 ஷூபர்ட் வெரைட்டிகள். எட்டின் பல்லுறுப்புக்கோவைகளும் திருப்பிப் படித்தால் ஒத்தே வருகின்றன, ஆனாலும் ஒன்று வழவழப்பானதல்ல; அதில் இருபடிக் கூம்பின் முனை ஒளிந்திருக்கிறது. பல்லுறுப்புக்கோவை காண்பது விகிதமுறு வழவழப்பை, அதாவது விகிதமுறு எண்களால் அளக்கும்போது வழவழப்பாகத் தோன்றும் தளர்ந்த வகையை மட்டும்தான். இடமாற்ற எண்ணிக்கையும் இங்கே ஏமாந்துவிடும், ஏனென்றால் தொடுவெளி அந்த எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருக்கலாம். ஏமாறாமல் நிற்பது பேட்டர்ன் வழிதான். பில்லியும் போஸ்ட்னிகோவும் 2005-இல் அதை ரூட் சிஸ்டம் (குலத்தின் சமச்சீரைக் காட்டும் திசையன் தொகுதி) மொழிக்கு மாற்றி, ரேங்க், அதாவது அந்தத் திசையன்கள் பரப்பும் வெளியின் பரிமாணம், 4-ஐத் தாண்டாத சிறிய உள் அமைப்புகளைப் பார்த்தாலே போதும் என்று நிறுவினார்கள். அங்கே போகும்போது நானும் அதைத்தான் எடுப்பேன்.