தமிழ்நாட்டின் மேடு பள்ளம் படிக்க 1:50,000 டோப்போஷீட்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பத்தாம் வகுப்பில் தமிழ்நாட்டின் இயற்கைப் பிரிவுகளைப் படிப்பவருக்கும், டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறவருக்கும் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான படம்தான். மேற்கே அடர்பழுப்பு, நடுவே மஞ்சள், கிழக்கே பச்சை. தொட்டபெட்டா 2,637 மீட்டர், முக்குருத்தி 2,554 மீட்டர் என்று மனப்பாடம் செய்ய அது போதும். கொல்லிமலையின் உச்சி ஏன் தட்டையாக இருக்கிறது, சிவகங்கைச் சீமையில் கண்மாய்க்கரை ஏன் ஒரு பக்கம் மட்டும் வளைந்து நிற்கிறது என்று கேட்டால் அந்தப் படம் பேசாது. பேசுகிற படத்தை இந்திய நில அளவைத் துறை வெளியிடுகிறது: 1:50,000 அளவில் உள்ள ‘ஓப்பன் சீரிஸ்’ டோப்போஷீட்கள், அதாவது நிலத்தின் மேடு பள்ளத்தைக் காட்டும் தாள்கள். துறையின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் பி.டி.எஃப். இலவசம். மலைப் பகுதிக்கு இவை அருமை. சமவெளிக்குப் படிக்கத் தெரிந்தால் நல்லவை. காவிரி டெல்டாவுக்கு, சம உயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை) மட்டும் நம்பினால் ஏமாற்றம்.

1767-இல் தொடங்கிய துறை இது. 2005-இல் வந்த தேசிய நிலப்படக் கொள்கை தாள்களை இரண்டாகப் பிரித்தது. பாதுகாப்புப் படைகளுக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு இந்த ஓப்பன் சீரிஸ். ஒவ்வொரு தாளும் அட்சத்தில் 15 நிமிடம், தீர்க்கத்தில் 15 நிமிடம். தரையில் 1 கி.மீ. படத்தில் 2 செ.மீ. சம உயரக் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர்; ஐந்தாவது கோடு தடிமனாக, அதாவது 100 மீட்டருக்கு ஒரு தடித்த கோடு. பழுப்பு என்றால் உயரம், நீலம் என்றால் தண்ணீர், பச்சை காடு, மஞ்சள் சாகுபடி நிலம், சிவப்பு சாலையும் குடியிருப்பும்.

முதல் தலைவலி, எந்தத் தாள் வேண்டும் என்று கண்டுபிடிப்பது. புதிய எண்கள் C43, C44, D43, D44 என்று தொடங்கும். ஆனால் பழைய ஆய்வறிக்கைகளிலும் பாடங்களிலும் 58, 57, 66 என்ற பழைய எண்களே வரும். அதன் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்த ஊரையும் நிமிடத்தில் பிடிக்கலாம். 58-ஆம் தாள் 76 முதல் 80 பாகை கிழக்கு வரை, 8 முதல் 12 பாகை வடக்கு வரை. அதை ஒரு பாகைக் கட்டங்களாக வெட்டி, வடமேற்கு மூலையில் A என்று தொடங்கி மேலிருந்து கீழாக எழுத்து போடுகிறார்கள். முதல் பத்தி (நெடுவரிசை) A, B, C, D. அடுத்த பத்தி E, F, G, H. இப்படியே P வரை. ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் 16 தாள். அதற்கும் அதே மேலிருந்து கீழ் வரிசைதான். கொல்லிமலைச் செம்மேட்டைத் தேடுவோம். தீர்க்கம் 78 பாகை 20 நிமிடத்தை ஒட்டி, அட்சமும் 11 பாகை 20 நிமிடத்தை ஒட்டி. 78 மூன்றாவது பத்தி, 11-க்கு மேல் முதல் வரிசை, எனவே I. உள்ளே 15-லிருந்து 30 நிமிடம் இரண்டாவது பத்தி, அதன் எண்கள் 5 முதல் 8. அட்சம் 15-லிருந்து 30 நிமிடம் மேலிருந்து மூன்றாவது வரிசை, எனவே 7. ஆக 58 I/7. எண்களைக் கீழிறக்காமல் இடமிருந்து வலமாக எண்ணிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு; வேறு ஏதோ மலை வந்து நிற்கும்.

தாளின் விளிம்பு எங்கே விழுகிறது என்பதில் தமிழ்நாட்டுக்கு அதிர்ஷ்டம் குறைவு. கொடைக்கானல் ஏரி 58 F/8-இன் வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஊரையும் சுற்றியுள்ள மலையையும் பார்க்க F/7, F/8, F/11, F/12 நான்கும் வேண்டும். கோயம்புத்தூர் 11 பாகை வடக்கும் 77 பாகை கிழக்கும் சந்திக்கும் முனையை ஒட்டி இருக்கிறது: 58 A/16, B/13, E/4, F/1. சென்னையின் தென்பகுதியும் அப்படித்தான்; அடையாறு பக்கம் 66 C/4, C/8, D/1, D/5 நான்கும் கூடுகின்றன. ஒரு தாளை இறக்கிவிட்டு ‘எங்க ஊர் பாதிதான் இருக்கு’ என்று திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். ஒட்டும்போது இடப்பக்கத் தாளின் வலது வெள்ளை ஓரத்தையும், மேல் தாளின் கீழ் ஓரத்தையும் மட்டும் வெட்டினால் போதும். தடித்த கோட்டுக்குத் தடித்த கோடு பொருத்துங்கள். இரண்டு தாளும் வெவ்வேறு ஆண்டு அளக்கப்பட்டவை என்றால் சாலையும் காட்டு எல்லையும் சேராது. அது ஒட்டியவர் குற்றமில்லை.

அச்சில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். படப் பரப்பு மட்டுமே கிட்டத்தட்ட 55 செ.மீ.க்கு 55 செ.மீ. ஓரக் குறிப்புகளோடு சேர்த்தால் ஏ1 தாளாவது வேண்டும். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஏ3-இல் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று கொடுத்தால் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கி 1:1,00,000 பக்கம் போய்விடும். தாளில் மட்டும் 1:50,000 என்றே அச்சாகியிருக்கும். அந்தத் தாளில் மாணவர் ஸ்கேல் வைத்து அளந்தால் எல்லாத் தூரமும் பாதி. கீழே உள்ள கோட்டு அளவுகோல் மட்டும் பொய் சொல்லாது. அதுவும் சேர்ந்தே சுருங்கியிருக்கும். பிளாட்டர் (பெரிய தாளில் அச்சடிக்கும் கருவி) வைத்திருக்கும் பிளான் பிரிண்ட் கடைக்குப் போய் ‘நூறு சதவீதம், சைஸ் மாற்றாதீங்க’ என்று சொல்லி எடுங்கள். கையில் வாங்கியதும் அளவுகோலில் 1 கி.மீ. சரியாக 2 செ.மீ. இருக்கிறதா என்று அங்கேயே ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் எடுப்பது வீண் செலவு. சம உயரக் கோடும் ஓடையும் ஒன்றாகிவிடும்.

இந்தப் படத்தின் உண்மையான பலம் மலையில். நீலகிரிக்கு 58 A/11-ஐயும் A/15-ஐயும் பக்கத்தில் வையுங்கள். முதலாவதில் ஊட்டியும் தொட்டபெட்டாவும், அடுத்ததில் குன்னூரும் மேட்டுப்பாளையமும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலை ரயிலின் மிகச் செங்குத்தான சரிவு சுமார் 12-க்கு 1. அப்படியென்றால் 20 மீட்டர் உயர சுமார் 240 மீட்டர் ஓட வேண்டும், படத்தில் ஏறக்குறைய 5 மி.மீ. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதை உள்ள பகுதியில் ரயில் கோடு சம உயரக் கோடுகளை வெட்டும் இடைவெளியை அளந்து பாருங்கள். 5 மி.மீ.யை விட நெருக்கமாக வெட்டினால் அந்த இடத்தில் பெரும்பாலும் குகை இருக்கும், அல்லது மலையை வெட்டியிருப்பார்கள், அல்லது பாலம். ஒரு மாணவருக்குச் சரிவு என்பதைப் புரியவைக்க இதைவிடச் சுத்தமான பயிற்சி கிடைப்பது கஷ்டம்.

பொதுவான கணக்கும் எளிது. இரண்டு தடித்த கோடுகளுக்கு நடுவே 2 மி.மீ. இருந்தால் 100 மீட்டர் தூரத்தில் 100 மீட்டர் ஏற்றம், 45 பாகை. 1 செ.மீ. இருந்தால் 500 மீட்டருக்கு 100 மீட்டர், சுமார் 11 பாகை. அளவைச் சரிவின் போக்கிலேயே, கோடுகளுக்குச் செங்குத்தாக எடுக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் மலை உண்மையைவிட மென்மையாகத் தெரியும்.

58 I/7-க்குத் திரும்புவோம். கொல்லிமலையில் 300 மீட்டரிலிருந்து 1,000 மீட்டர் வரை 35 கோடுகள் சுவர் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். அதற்கு மேலே திடீரென்று கோடுகள் விலகி, நடுவில் மஞ்சள் வயல், ஓடை, ஊர்கள். இதுதான் கிழக்குத் தொடர்ச்சி மலையின் சங்கதி: கூம்பாகக் கூர்மையாகாமல், தனித்தனி மேட்டுநிலத் துண்டுகளாக நிற்பவை. பச்சைமலை, கல்வராயன், சேர்வராயன் எல்லாவற்றிலும் இதே கையெழுத்தைத் தேடலாம். வண்ணம் தீட்டிய சுவர்ப்படத்தில் இவை எல்லாம் வெறும் பழுப்புப் பொட்டுகள். ஒரு எச்சரிக்கை: காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் படத்தில் எண்ணிவிடலாம் என்று உட்காராதீர்கள். 25 மீட்டர் என்பது இங்கே அரை மில்லிமீட்டர். வளைவுகளைச் சுருக்கித்தான் வரைய முடியும்.

சமவெளிக்கு இறங்கினால் விதி மாறுகிறது. மதுரைக்குக் கிழக்கே சிவகங்கை, இராமநாதபுரம் தாள்களில் ஒரு 20 மீட்டர் கோட்டிலிருந்து அடுத்ததைத் தேடக் கண் வலிக்கும். அங்கே சரிவைச் சொல்வது கண்மாய்க்கரை. கரை எப்போதும் பள்ளப் பக்கத்தில், வில் மாதிரி வளைந்து, இரண்டு கைகளையும் மேட்டுப் பக்கம் நீட்டியிருக்கும். வாய்க்கால் புறப்படும் பக்கம் தாழ்வு. அதற்குக் கீழேதான் மஞ்சள் ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்). கரையின் நடுப்புள்ளியிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு சிறிய அம்பு போடுங்கள். இருபது கண்மாய்க்குப் போட்டு முடிப்பதற்குள் அம்புகள் எல்லாம் கிழக்கும் தென்கிழக்குமாகத் திரும்பி நிற்பதும், ஒன்றின் மிச்சத் தண்ணீர் அடுத்ததற்குப் போகும் சங்கிலியும் தெரிந்துவிடும். கரையோரம் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன ‘ஆர்’ எழுத்து இருந்தால் அது கடல் மட்ட உயரமில்லை, பக்கத்துத் தரையிலிருந்து கரையின் உயரம். 4 ஆர் என்றால் கரை நாலு மீட்டர். இதைக் கடல் மட்ட உயரமாக எழுதிவிட்டு மதிப்பெண் இழப்பவர்கள் உண்டு.

நீலக் கோடு என்றாலே ஓடும் தண்ணீர், கறுப்பு என்றால் வறண்ட ஓடை. தமிழ்நாட்டுத் தாள்களில் கறுப்புதான் அதிகம். அகலமான ஆற்றுப் படுகையில் மணற்புள்ளிகளும் நடுவே மெல்லிய நீலமும் இருந்தால், அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். மழைக்காலம் தவிர மற்ற நாளில் ஆறு அப்படித்தான்.

டெல்டாவில் படம் திணறுகிறது. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து ஐம்பது அறுபது மீட்டர் உயரம். அங்கிருந்து நாகப்பட்டினம் கரை வரை சுமார் 80 கி.மீ., மூன்று தாள் அகலம். குறுக்கே 40, 20 என்று இரண்டே கோடுகள். தனிப்புள்ளி உயரங்களையும் ‘பிஎம்’ (பெஞ்ச் மார்க், துல்லியமாக உயரம் அளந்த இடம்) என்று குறித்த எண்களையும் பொறுக்கி நீங்களே 5 மீட்டர் கோடு வரைந்துகொள்ள வேண்டியதுதான். இன்னொரு சிக்கல்: மலைத் தாளில் பழகியவர்கள், ஓடைகள் சேரும் திசைதான் கீழ்த்திசை என்று பார்ப்பார்கள். முக்கொம்பிலும் கல்லணையிலும் காவிரி சேர்வதில்லை, பிரிகிறது. டெல்டாத் தாளில் கிளை விரியும் பக்கம்தான் கடல்.

ஜி.பி.எஸ்.ஸோடு சேர்த்துப் பயன்படுத்துபவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு பொறி காத்திருக்கிறது. இந்த வரிசை, ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அதே டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற புவி வடிவ அடிப்படையில், பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் கட்டம் போடும் யு.டி.எம். முறையில் வரையப்பட்டது. யு.டி.எம். 43-ஆம் மண்டலமும் 44-ஆம் மண்டலமும் சந்திக்கும் 78 பாகைக் கோடு நம் மாநிலத்தை நடுவே கிழிக்கிறது. ஈரோடு 43-இல், சேலமும் மதுரையும் 44-இல். திண்டுக்கல் 43-இல் இருந்தாலும் கோட்டுக்கு மிக அருகில். 10 பாகை அட்சத்தில் கோட்டுக்கு மேற்கே கிழக்கெண் (கிழக்குத் திசைத் தூரத்தைச் சொல்லும் கட்ட எண்) சுமார் 8,29,000 மீட்டர். அடுத்த அடியில் சுமார் 1,71,000. மண்டல எண்ணை எழுதாமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க முடியாது. இரு பக்கக் கட்டங்களும் ஒன்றுக்கொன்று ஒரு பாகை அளவு சாய்ந்திருக்கும், எனவே ஒட்டிய தாளில் கட்டக் கோடு நேராக ஓடாது. இந்த எல்லையை ஒட்டி வேலை என்றால் அட்ச தீர்க்கத்திலேயே குறிப்பது நல்லது. எவரெஸ்ட் என்ற பழைய புவி வடிவ அடிப்படையில் வரைந்த தாளின் ஸ்கேன் கையில் இருந்தால் அதற்கும் ஜி.பி.எஸ்.ஸுக்கும் இங்கே 200 மீட்டர் அளவில் விலகல் வரும், அதாவது தாளில் 4 மி.மீ. ஆற்றின் இக்கரையில் நிற்பவரை அக்கரையில் காட்ட அது போதும்.

கடற்கரைத் தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் கடற்கரை 906.9 கி.மீ. என்று படித்தவர்கள் இப்போது 1,068.69 என்ற எண்ணைப் பார்த்துக் குழம்புகிறார்கள். நிலம் வளரவில்லை. முன்பைவிட விரிவான அளவுகோலில் அளந்ததால் கழிமுகத்தின் வளைவு நெளிவெல்லாம் கணக்கில் சேர்ந்தன. அதே காரணத்தால் நாட்டின் மொத்தக் கடற்கரையும் 7,516.6-லிருந்து 11,098.8 கி.மீ. ஆனது. 1:50,000 தாளில் நூல் வைத்து அளந்தால் இன்னும் கூடுதலாகவே வரும். மாணவர் அளந்தது ‘தப்பு’ என்று அடிக்கும் முன் அவர் எந்தப் படத்தில் அளந்தார் என்று கேட்க வேண்டும்.

குறைகள் வேறென்ன? ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான். குறில் நெடில் தெரியாததால் அந்தப் பகுதிக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. பாறை, மண் வகை எதுவும் இதில் கிடையாது. தாளின் ஓரத்தில் அளந்த ஆண்டு அச்சாகியிருக்கும். புறநகர்த் தாளில் அதை முதலில் பாருங்கள். பள்ளிக்கரணையைச் சுற்றி நீலமாக இருக்கும் எல்லாம் இன்றைக்கும் தண்ணீராக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் புவனை மட்டும் வைத்துக்கொண்டு சரிவு படிக்கக் கற்றுக்கொள்ள முடியாது.

பள்ளிக்கு எடுப்பதாக இருந்தால் மூன்று தாள் போதும்: 58 A/15, 58 I/7, அப்புறம் சிவகங்கைப் பக்கம் கண்மாய் நிறைந்த ஒன்று. நேரடியாகத் தாளில் எழுத விடாதீர்கள். மேலே டிரேசிங் ஷீட் வைத்துக் கிளிப் போட்டு, முதலில் தடித்த கோடுகளை மட்டும் பென்சிலில் எடுக்கச் சொல்லுங்கள். 20 மீட்டர் கோடு அனைத்தையும் எடுக்க ஆரம்பித்தால் குன்னூர்ச் சரிவிலேயே பீரியட் முடிந்துவிடும்.